தோளில் ஒரு கை

எங்கள் வீட்டுத் தென்னை மரத்திடம்கூட அவள் அனுமதி கேட்டிருக்கிறாள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அந்தக் கறுப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு, மரத்தை நிமிர்ந்து பார்த்து, "எடுக்கலாமா?" என்றாள். காற்றில் மட்டைகள் ஆடின. "வேணாம்னு சொல்லுதுக்கா" என்று பெட்டியை மூடிவிட்டாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சேக்காட்டில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று வருஷம் குடியிருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வண்டிக்குப் போகிற உதிரி பாகங்களை அளந்து பார்த்து, நல்லது ஒரு பக்கம், கழித்தது ஒரு பக்கம் என்று பிரித்து வைக்க வேண்டும். மண்ணூர்பேட்டையில் பஸ் இறங்கி நடந்து போவாள். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவளைக் கேட்காமல் எழுதினால் அவளுக்குப் பிடிக்காது.

நான் எட்டாவது வரை படித்தவள். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை முருகனிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மனுஷர் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி கேமரா என்று முதலில் எங்களுக்குத் தெரியாது. யாரோ பழைய சாமான் விற்கிறவரிடம் போனில் பார்த்து வாங்கியிருந்தாள். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கண்கள். மேலே ஒரு மூடி. மூடியைத் திறந்து, குனிந்து உள்ளே பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் அப்போதுதான் ஆவடி ராணுவ டாங்க் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். எந்த மிஷினைக் கண்டாலும் கிட்டே போய்விடுவார்.

"இன்னாம்மா இது, ரெண்டு கண்ணு வச்ச டிபன் பாக்ஸ் மாதிரி கீது?"

"மேல் கண்ணு பாக்கறதுக்கு சார். கீழ் கண்ணு படம் எடுக்கறதுக்கு."

"பாக்கறது ஒருத்தன், வேலை செய்யறது ஒருத்தனா? எங்க ஃபாக்டரி மாதிரியே கீதே."

அன்றைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். குடிவந்து அதுதான் முதல் தடவை.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. போனில் யாரோ பேசுகிற வீடியோவைப் போட்டுக்கொண்டு, மாடிப்படியில் உட்கார்ந்து, பாழாய்ப்போன ஒரு ஃபிலிம் ரோலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிப் பழகுவாள். அகலமான ஃபிலிம், பின்னால் கறுப்புக் காகிதம் ஒட்டிச் சுருட்டியது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். எடுத்து முடித்ததை வெளிச்சம் படாமல் கழுவ வேண்டுமாம். அதற்கு இரண்டு கை மட்டும் நுழைகிற மாதிரி ஒரு கறுப்புப் பை. பைக்குள் கையை விட்டுக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். "மாடியம்மா பைக்குள்ள கோழி புடிக்குது" என்பார் இவர். கழுவிய ரோலை என் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டுவாள், அதையும் என்னைக் கேட்டுவிட்டுத்தான். முதல் இரண்டு ரோலும் ஒன்றுமே விழாமல் கண்ணாடி மாதிரி வந்தன. ஒரு நாள் முழுக்க முகம் வாடியிருந்தாள். மறுநாள் மூன்றாவதைப் போட்டாள்.

"போன்ல ஆயிரம் எடுக்கலாமே, எதுக்கும்மா இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"போன்ல எடுத்தது பெருசு பண்ணா உடைஞ்சி போவுதுக்கா. இது சுவத்துல மாட்டற அளவுக்குப் போனாலும் முழுசா இருக்கும்."

சுவரில் மாட்டுவது என்று அவள் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஆடி வெள்ளிக்கிழமை கூழ் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனபோதுதான் புரிந்தது. அவள் புருஷன் படம் சுவரில் இருந்தது. சந்தன மாலை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு கிடந்தது. சாமி படமானாலும் ஆசாமி படமானாலும் மாலை கோணலாக இருந்தால் என் கை சும்மா இருக்காது. நேராக்கினேன். அவர் தோளில் ஒரு கை இருந்தது. தடித்த விரல்கள், ஒரு மோதிரம், மணிக்கட்டோடு படம் வெட்டியிருந்தது.

அவள் பின்னால் வந்து, மாலையைப் பழையபடி அந்தக் கையின்மேல் தள்ளிவிட்டாள்.

"கல்யாணத்துல எடுத்த குரூப் போட்டோக்கா. அவரு தனியா நின்னதே இல்ல. போன்ல இருந்ததெல்லாம் பெருசு பண்ணா மூஞ்சி கட்டம் கட்டமா வந்துச்சு. அவரு பாடிய வீட்ல வச்சிகினு ஓடினோம், ஸ்டுடியோக்காரர் இதுதான் தேறும்னாரு."

"யாரு கைம்மா அது?"

"தெரியலக்கா. பின்னாடி நிக்கறவரு, முழுப் படத்துலயும் மூஞ்சி மறைஞ்சிருக்கு. ஆறு வருஷமா நானும் பாக்கறேன்."

கூழைக் குடித்துவிட்டு, சொம்பைக் கழுவிக் கொடுக்கும்போது சொன்னாள்: "எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணாவது ஒழுங்கா இருக்கணும்க்கா." எதற்கு என்று அவள் சொல்லவில்லை. அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம். நானும் கேட்கவில்லை.

ஆயுத பூஜைக்கு நான் ஒரு வேலை செய்தேன். இவருடைய ஸ்பானர், என் அரிவாள்மனை, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, "உன் பெட்டியையும் கொண்டாம்மா" என்று வாங்கி, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் சந்தனம் வைத்தேன். சந்தனம் தண்ணீராக இருந்ததால் வழிந்து கீழ்க் கண்ணில் இறங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துவிட்டேன். துடைத்தது காய்ந்து படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும்போல. அவள் மேல் கண் வழியாகத்தானே பார்க்கிறாள், அங்கே பளிச்சென்று தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு படமும் பனி மூடினதுபோல் வந்தன. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகச் சேர்த்த ரோல் அது.

நான் பயந்துகொண்டே போய் நின்றேன்.

"விடுங்கக்கா, உங்க முருகன் பன்னெண்டு படத்துக்கும் பால்குடம் கவுத்துட்டாரு" என்றாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் பெட்டியை அவளே கொண்டுவந்து பொட்டு வைக்கக் கொடுத்தாள். சந்தனத்தை மட்டும் கெட்டியாகக் குழைக்கச் சொன்னாள்.

கை பழகியதும் தெருவில் ஆட்களை எடுக்க ஆரம்பித்தாள். பிள்ளையார் கோயில் முனையில் பூ விற்கிற கிழவியிடம் தினமும் பூ வாங்குவாள், தினமும் கேட்பாள். கிழவி வெட்கப்பட்டுக்கொண்டு, "போ கண்ணு, பல்லு ரெண்டுதான் கீது" என்பாள். இவள் வற்புறுத்த மாட்டாள். மறுநாள் மறுபடியும், "எடுக்கலாமா ஆயா?" நாலைந்து மாதம் போயிற்று. ஒரு நாள் கிழவியே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நல்ல புடவை கட்டி வந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு படம். பெரிதாகப் போட்டுக் கொடுத்தாள். நான் பார்த்தேன். கிழவியின் நெற்றியில் வேர்வை கோத்திருந்ததுகூடத் தெரிந்தது. ஆனால் அழகு. ஒரு ராணி உட்கார்ந்திருக்கிற மாதிரி.

மூன்றாம் வாரம் கிழவி இறந்துபோனாள். அந்தப் படத்தைத்தான் மாலை போட்டு வாசலில் வைத்தார்கள். அடுத்து எங்கள் எதிர் வீட்டுப் பெரியவர். ஏற்கெனவே நோயாளி. அவர் மகளே வந்து கேட்டு எடுக்கச் சொன்னாள். அவரும் இரண்டு மாதத்தில் போனார்.

அதன் பிறகு தெருவுக்குப் பேச்சு கிடைத்துவிட்டது. இஸ்திரிக்காரர் எங்கள் வாசலில் நின்று இவரிடம் சொன்னார்: "அந்தம்மா குனிஞ்சி பொட்டிக்குள்ள பாத்துச்சுனா ஆளு அவுட்டு அண்ணாத்தே. நேத்து என்கிட்ட வந்து எடுக்கலாமானு கேட்டுச்சு. நான் இஸ்திரிப் பொட்டியக் கூட அணைக்காம ஓடியாந்துட்டேன்."

"நீ போனா எமனுக்கு யாரு சட்டை தேய்ப்பா? உன்னையெல்லாம் இட்டுகினு போவ மாட்டான், போ" என்றார் இவர்.

சிரித்தோம். ஆனால் எனக்குள் ஒன்று உட்கார்ந்துவிட்டது. இவருக்கு இரண்டு வருஷம் முன்னால்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருந்து நான் காத்துக்கொண்டிருந்த உயிர் அது.

தெருவில் ஒவ்வொருவராக அவளுக்கு வேண்டாம் என்று சொன்னார்கள். கேட்பாள், வேண்டாம் என்பார்கள், மூடியை மூடிக்கொண்டு வந்துவிடுவாள். ஏன் என்று ஒருவரையும் கேட்டதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அளந்து பார்த்துக் கழித்து வைக்கிற வேலை செய்தவள் இல்லையா, தன்னையும் அப்படியே ஒரு பக்கம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "அக்கா, இதுல ஒரு தடவை பாருங்களேன்" என்று கூப்பிட்டாள். வாசல்படியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரக் கண்ணாடி. அதில் எங்கள் குழாயடி, செம்பருத்திச் செடி, வெயில். எல்லாம் இடம் வலமாக மாறியிருந்தது. குளித்துவிட்டு விபூதி பூசிக்கொண்டு இவர் அந்தச் சதுரத்துக்குள் வந்தார். குடத்தை எடுத்துச் செடிக்கு ஊற்றினார். நேரில் வலப் பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப் பக்கம் போனார். முதுகில் தண்ணீர்த் துளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னின. நிமிர்ந்து எங்களைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

அவரை நான் அப்படிப் பார்த்து நாற்பது வருஷம் ஆகியிருக்கும். கல்யாணமான புதிதில் பார்த்ததுதான். தினமும் கண்ணெதிரில் இருந்த மனுஷரை இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தேன் என்று இருந்தது.

"எடுக்கலாமா அக்கா?" என்றாள் மெதுவாக. அவள் விரல் பொத்தானில் இருந்தது.

எனக்குப் பூக்காரக் கிழவி ஞாபகத்துக்கு வந்தாள். "வேணாம்" என்றேன். "அவரை மட்டும் எடுக்காத. நான் சொல்லாம எப்பவும் எடுக்காத. முருகன் மேல ஆணை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். "சரிக்கா" என்று விரலை எடுத்து மூடியை மூடினாள்.

அதற்குப் பிறகும் என் மனசு அடங்கவில்லை. அவள் மாடியில் நடக்கிற சத்தம் கேட்டாலே என்னவோ போல இருந்தது. மார்கழி முடியும்போது, "பையன் குடும்பத்தோட வரான்மா, மாடி வேணும்" என்று சொன்னேன். பொய். என் மகன் பெங்களூரில் நன்றாக இருந்தான். மார்கழி மாதத்தில், வாசலில் கோலத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பொய்யைச் சொன்னேன். அதற்கும் "சரிக்கா" என்றாள்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி செய்தாள். வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றது. இவர் சாமான் ஏற்ற உதவிக்குப் போனார். பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு நின்றார்.

"லோடு ஏத்தறதுக்கு எதுக்கு வெள்ளைச் சட்டை? துவைக்கறது நான்தானே. கழட்டிட்டு பழசப் போடுங்க" என்றேன்.

சட்டையைக் கழற்றாமலே மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து சமையற்கட்டு வாசலில் நின்றார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பினால் போதும் முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பினபோதும் அங்கேயே நின்றார்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல. காபி கீதா?"

கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். வெளியில் வண்டி ஹாரன் அடித்தது.

அடுத்த ஆவணியில், காலையில் பால் வாங்கப் போனவர் கடை வாசலிலேயே சாய்ந்துவிட்டார். அந்தப் பெட்டி அவரைப் படம் எடுக்கவில்லை. நான் அப்படிக் காத்தேன். அப்படியும் போய்விட்டார்.

வாசலில் வைக்கப் படம் வேண்டும் என்றார்கள். மகன் தன் போனைத் துழாவினான், மருமகள் போனைத் துழாவினான். எல்லாவற்றிலும் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டோ, கையை நீட்டி மறைத்துக்கொண்டோ இருந்தார். கடைசியில் மகன் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து ஸ்டுடியோக்காரர் வெட்டிக் கொடுத்தார். தோளில் ஒரு கை. சம்பந்தியுடைய கை. நல்ல மனுஷர்தான், பாசத்தில் போட்ட கைதான். ஆனால் அது அங்கே எனக்கு எதற்கு?

மகன் பிறகு போனிலேயே அந்தக் கையை அழித்துக் காட்டினான். கை போயிற்று. கூடவே நெற்றி விபூதியும் சுருக்கமும் போய், சினிமா போஸ்டரில் இருக்கிற யாரோ ஒருவர் மாதிரி ஆகிவிட்டார். "அது உங்கப்பா இல்ல, எடுத்துடு" என்றேன்.

இவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு அவளும் வந்திருந்தாள். கையில் பெட்டி இல்லை. எல்லோரும் பார்ப்பார்கள் என்று தெரு முனையிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் பார்த்தேன். கூப்பிடவில்லை.

மூன்று மாதம் கழித்து, யாரிடமும் சொல்லாமல், ஆவடியில் ரயில் ஏறித் திருநின்றவூர் போனேன். அவள் அங்கே ஏரிக்குப் போகிற வழியில் வாடகைக்கு இருந்தாள். என்னைப் பார்த்ததும் பாயை விரித்தாள். அவள் புருஷன் படம் அங்கேயும் சுவரில் இருந்தது. மாலை கோணலாக.

தண்ணீர் குடித்துவிட்டு, வந்த காரியத்தைக் கேட்டேன்.

"எனக்குத் தெரியாம அவரை ஒண்ணாவது எடுத்திருப்பியாம்மா? எடுத்திருந்தா சொல்லு. கோவிச்சிக்க மாட்டேன். உன் காலைத் தொட்டு வாங்கிக்கறேன்."

அவள் எழுந்து போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தாள். கழுவிய ரோல்களை வெட்டி உறையில் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு உறையாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். இருக்காது என்று அவளுக்குத் தெரியும். எனக்காகத்தான் ஒவ்வொன்றாகக் காட்டினாள். பூக்காரக் கிழவி வந்தாள், எதிர் வீட்டுப் பெரியவர் வந்தார், எங்கள் செம்பருத்தி வந்தது. ஒன்றில் எங்கள் சுவரில் சாத்திய இவருடைய சைக்கிள். "இதுக்கு மட்டும் சார்கிட்ட கேட்டேன். சைக்கிளுக்கு ஒண்ணும் ஆவாது, எடுத்துக்கோனாரு."

ஃபைல் முடிந்துபோயிற்று. மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"காலி பண்ண அன்னிக்கு மாடிக்கு வந்தாருக்கா. ரோல்ல ஒண்ணு பாக்கி இருந்துச்சு. வெள்ளைச் சட்டை போட்டுகினு வந்து, எனக்கு ஒண்ணு எடுத்து வச்சிடும்மா, பின்னாடி இவ அலையக் கூடாதுன்னாரு."

கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைத் தரையில் வைத்தேன்.

"அக்கா ஆணை வச்சிருக்காங்க சார், ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கன்னு சொன்னேன். சரின்னு கீழ எறங்கிப் போனாரு. நான் பெட்டியத் தொறந்து வச்சிகினு நின்னேன். வண்டிக்காரரு ஹாரன் அடிச்சிட்டாரு."

சமையற்கட்டு வாசலில் நின்றாரே, அதற்குத்தான். என் முகத்தைப் பார்த்திருப்பார். கேட்டால் நான் என்ன ஆவேன் என்று அவருக்குத் தெரியும். ஒண்ணுமில்ல, காபி கீதா என்று கேட்டுவிட்டார்.

"எடுத்திருக்கலாமேம்மா" என்றேன்.

"எடுத்திருக்கலாம்க்கா" என்றாள். நீங்கள்தானே ஆணையிட்டீர்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி ஃபைல்மேல் விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாடி காலியாத்தான் கிடக்கு. பையன் வரலம்மா. வர்றதா இருந்ததும் இல்ல."

"தெரியும்க்கா. அன்னிக்கே தெரியும்."

"அந்த ஒண்ணு, பன்னெண்டாவது, என்ன ஆச்சு?"

அவள் பெட்டியை எடுத்து வந்து பின்பக்கம் காட்டினாள். சிவப்பாகச் சின்ன வட்ட ஜன்னல் ஒன்று. அதற்குள் காகிதத்தில் அச்சடித்த 12. "அப்படியே இருக்கு. வேற எதுக்கும் மனசு வரல."

"அதுல என்னை எடு" என்றேன்.

நாற்காலியை ஜன்னலோரம் போட்டாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தேன். அவள் தரையில் மண்டியிட்டுப் பெட்டிக்குள் குனிந்தாள். தெருக்காரர்கள் பயந்த அந்தக் குனிவு சாமிக்கு முன்னால் குனிகிற மாதிரிதான் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவளுடைய கண்ணாடியில் நான் இடம் வலமாக மாறி உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"எடுக்கலாமா அக்கா?"

"எடும்மா."

சின்னச் சத்தம். பல்லி ஒரு தரம் சொன்ன மாதிரி. அவ்வளவுதான்.

படத்தைப் பெரிதாகப் போட்டு, அட்டை வைத்துக் கட்டி, அவளே கொண்டுவந்து கொடுத்தாள். வாசலோடு நின்று கொடுத்துவிட்டுப் போனாள். மறுபடி மாடிக்கே குடிவரச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். வரவில்லை. அடுத்த தடவை திருநின்றவூர் போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். கம்பெனி மாறி ஓசூர் பக்கம் போய்விட்டாள் என்றார்கள். பழைய நம்பருக்குப் போன் போட்டால் போகவில்லை.

என் படம் பீரோவில் கூறைப் புடவைக்கு அடியில் இருக்கிறது. மருமகளிடம் இடத்தைக் காட்டி வைத்திருக்கிறேன். "என்ன அத்தை, நல்ல நாளும் அதுவுமா" என்று அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

போன மாதம் திவசத்துக்கு வந்தவள், பூஜைக்கு முன்னால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மாமனார் படத்துக்கு முன்னால் நின்றாள். "மாலை கோணலா இருக்கு பாருங்க அத்தை" என்று எக்கி நேராக்கினாள்.

அவள் விளக்குக்கு எண்ணெய் எடுக்க உள்ளே போனாள். நான் எழுந்து, மாலையை மறுபடியும் அந்தக் கையின்மேல் தள்ளிவைத்துவிட்டு, திரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.